தர்ம அடிக்கு ரசீது கிடையாது

1

ஜெனி கண்ணு, சனிக்கிழமை காலையில் உன்னை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் நீ இரண்டு முழங்கைகளையும் மடக்கித் தலையைப் பொத்திக்கொண்டாய். அப்படிப் பொத்திக்கொள்ள உனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடுரோட்டில் தானாகவே வந்தது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது எட்டாவது வரை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உனக்கும் தம்பி சாமுவுக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால் அம்மா வாசிக்கட்டும். நடுவில் ஓரிடத்தில் அவள் நிறுத்துவாள். அவசரப்படுத்தாதீர்கள்.

முதலில் சனிக்கிழமைச் சண்டை. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்க்க உன் பள்ளிக்கூடத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணம் வைத்திருக்கிறார்கள். உன்கூட வீட்டிலிருந்து ஒரு பெரியவர் நடக்க வேண்டும். அம்மாவுக்கு அன்று டியூட்டி. நான் வரவில்லை என்றேன். அதற்கே உன் முகம் சுண்டிவிட்டது. பிறகு அந்தத் தாளை நீட்டினாய். பெயர், வீட்டு முகவரி, தரும் தொகை எல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு சின்னக் கட்டம், நான் வரி கட்டுகிறவன் என்று டிக் போட. அதை மட்டும் விட்டுவிட்டேன்.

"அப்பா, இதுல டிக் பண்ணுங்க."

"அது வேண்டாம் கண்ணு."

"ஏன்? நீங்க டாக்ஸ் கட்டறதில்லையா? நாம இல்லீகலா?"

"வாரா வாரம் புடிச்சுட்டுத்தான் சாமி சம்பளம் குடுக்கறாங்க."

"அப்புறம் என்ன? டிக் பண்ணா கவர்மென்ட் அவங்களுக்கு எக்ஸ்ட்ரா குடுக்கும். உங்களுக்கு ஒரு பென்னி செலவில்ல!"

"அந்த எக்ஸ்ட்ரா யாருக்கு ரிட்டன் வரும்?" என்று கேட்டேன்.

நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். "கூட நடக்கவும் பயம், டிக் பண்ணவும் பயம். மத்த அப்பாங்க எல்லாம் வர்றாங்க. நீங்க கவர்ட்" என்றாய்.

கோழை என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ். அப்போதுதான் என் கை மேலே போனது.

2

அம்மாவைக் கட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நீ பிறக்கவில்லை. சேவூரில் நம் வீடு. நான் தினமும் திருப்பூருக்குப் பஸ்ஸில் போய் ஒரு பனியன் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். நிட்டிங் மிஷினுக்கு ஊசி மாற்றுவது, எண்ணெய் விடுவது, ஊசிக்கு நடுவில் ஓடுகிற சிங்கர் தகடு தேய்ந்தால் கழற்றி மாட்டுவது. நம்பிக்கையான ஆள் என்று முதலாளி என்னை வெளி வேலைக்கும் அனுப்புவார்.

மார்ச் மாதம் வந்தால் ஒரு வெளி வேலை கட்டாயம் இருக்கும். காங்கேயம் பக்கம் ஒரு அறக்கட்டளை. அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதாகப் போர்டு வைத்திருந்தார்கள். நான் போன எந்த நாளிலும் அங்கே ஒரு பிள்ளையையும் பார்த்ததில்லை. மேனேஜர் ஒருவர் இருப்பார். பை ஒன்றைத் தருவார். மேலே பனியன் துணியைத் திணித்து எடுத்துக்கொண்டு வந்து முதலாளியிடம் கொடுப்பேன்.

அது என்ன பணம் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை, ஆனால் புரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் தலையெழுத்து. நம்மூர் கம்பெனியில் ரிட்டன் என்றால் பார்ட்டி வேண்டாமென்று திருப்பி அனுப்புகிற சரக்கு. ஆடிட்டர் வந்தால், "இன்கம் டாக்ஸ் ரிட்டன் போடணுமுங்க, நாள் நெருங்கிருச்சு" என்பார். அவர் போன கையோடு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "காங்கேயம் போயி அந்த ரிட்டன வாங்கிட்டு வந்துருப்பா" என்பார். ஆக, சரக்கு திரும்புகிற மாதிரி கட்டிய வரியில் கொஞ்சம் திரும்பி வருகிறது, அதற்குப் பேர்தான் இன்கம் டாக்ஸ் ரிட்டன் என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எட்டாவது என்று தெரிந்துபோகுமே.

உண்மை வேறு. அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தால் அதற்கு வரியில் சலுகை உண்டு. முதலாளி செக்காக ஒரு பெருந்தொகை கொடுப்பார். அவர்கள் ரசீது தருவார்கள். அந்த ரசீதைக் காட்டினால் வரி குறையும். பிறகு அறக்கட்டளை தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை ரொக்கமாக, காதும் காதும் வைத்த மாதிரி, முதலாளிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். தர்மம் பண்ணின பேரும் இருக்கும், பணமும் கைக்கு வந்துவிடும். அந்தப் பணத்தைத்தான் நான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

3

அன்றைக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். ஒரு ஜோடிக் காளையை விற்றுவிட்டு வருகிறார் என்று ஏறின உடனே சொல்லிவிட்டார். சட்டையில் மாட்டு வாசம் அடித்தது.

"தம்பி எந்தூருங்க?"

"சேவூருங்க."

"நல்லதுங்க. நான் செத்த கண்ணசர்றனுங்க. திருப்பூர் வந்தா எழுப்பியுடுங்க."

ஊர் எல்லை வரும்போது அவரே விழித்தார். இடுப்பைத் தடவினார். வேட்டி மடிப்பைத் தடவினார். "ஐயோ, என்ற பணம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்தார்.

கண்டக்டர் கதவைச் சாத்தி ஒவ்வொரு பையாகப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தவன் நான், என் பைதான் முதலில். பனியன் துணியை எடுத்ததும் கட்டுக்கட்டாக ரூபாய்.

"இதுங்களா உங்க பணம்?"

"என்றதும் கட்டாத்தானுங்க இருந்துது," என்றார் பெரியவர்.

"இல்லீங்க, இது எங்க முதலாளிதுங்க," என்றேன்.

"என்ன பணமுங்க?"

எனக்குத் தெரிந்த பதிலைத் தைரியமாகச் சொன்னேன். "இன்கம் டாக்ஸ் ரிட்டனுங்க."

முன் சீட்டிலிருந்த கண்ணாடிக்காரர் ஒருவர் திரும்பிச் சிரித்தார். "ரிட்டன்னா கணக்குக் காட்டற பேப்பருங்க தம்பி. பணத்தப் பையில போட்டுக் குடுக்கறதுக்கு இன்கம் டாக்ஸ் ஆபீஸ் என்ன ரேசன் கடையா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை. முதலாளியின் செல் நம்பரைக் கண்டக்டரிடம் சொன்னேன். பணத்தைப் பற்றிக் கேட்பது யார் என்று நினைத்து முதலாளி பயந்தாரோ, அது மார்ச் மாதம், ரெய்டு காலம். கண்டக்டர் காதிலிருந்து செல்லை எடுத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எனக்கு எந்தப் பணமும் வரவேண்டியதில்லீங்க, நான் குடுக்கறவனுங்க, வாங்கறவனில்லீங்க, அப்படீங்கறாரு."

பின்னாலிருந்து பிடரியில் ஒன்று விழுந்தது. முதல் அடி. யார் என்று தெரியாது.

சட்டைக் காலரைப் பிடித்துப் படியில் இழுத்தார்கள். முட்டி படியில் மோதி உடைந்தது. ரோட்டில் தள்ளினார்கள். டீக்கடை பக்கத்தில், ஷிஃப்ட் விடுகிற நேரம். சனம் சேரக் கேட்கவா வேண்டும்? ஜெனி, நம்மூர் ஆட்கள் ரொம்ப மரியாதைக்காரர்கள். அடிக்கும்போதும் ங்க போட்டுத்தான் அடித்தார்கள்.

"கொஞ்சம் அக்கட்டால தள்ளுங்க, எனக்கும் எடம் உடுங்க."

"எத்தன பேரு வவுத்துல அடிச்சிருப்பீங்க, சொல்லுங்க!" இதைக் கேட்டவர் கேட்டுக்கொண்டே என் வயிற்றில் உதைத்தார்.

ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். "யாருங்க? திருடனுங்களா?" வண்டிக்கு ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டார். வந்து இரண்டு வைத்தார். கையை உதறிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். இன்னொருவர் டீ வாங்கிய தூக்குப்போசியைச் சிந்தாமல் திண்டின் மேல் வைத்துவிட்டு வந்து மிதித்தார். ஒரு அம்மா செருப்பைக் கழற்றினார். வடக்கிலிருந்து வந்த பையன் ஒருவன், "க்யா ஹுவா?" என்று கேட்டான். "சோர், சோர்" என்று யாரோ அவன் பாஷையிலேயே திருடன் என்று சொன்னார்கள். அவனும் ஒன்று போட்டான். பாவம், ஊருக்குப் புதிது.

மோதிரம் போட்ட ஒரு முஷ்டி என் இடது காதில் இறங்கியது. உள்ளே ஊசி உடைகிற மாதிரி ஒரு சத்தம். அதுதான் அந்தக் காது கடைசியாகக் கேட்ட சத்தம். இடது பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு நான் திரும்பவில்லை என்று நீயும் சாமுவும் சிரிப்பீர்களே, மிஷின் இரைச்சலில் போய்விட்டது என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். மிஷின் என்னை ஒன்றும் செய்ததில்லை.

வாயில் மண்ணும் ரத்தமும். முன்பல் ஒன்று நாக்கின் மேலேயே கிடந்தது. துப்பினால் அதற்கும் அடிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். தலையை மட்டும் முழங்கையால் பொத்திக்கொண்டேன், நீ பொத்திக்கொண்ட மாதிரி.

திடீரென்று பெரியவர் கத்தினார். "சாமீ, நிறுத்துங்க! என்ற பணம் என்றகிட்டயே இருக்குதுங்க!" வேட்டிக்குள்ளே பட்டாபட்டி டவுசர் பைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். தூக்கத்தில் மறந்திருக்கிறார்.

எல்லோரும் நின்றார்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்போது ஒருவர் நியாயமாக ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இது யாரு பணமுங்க?"

"ஆமாங்க, முதலாளியே இல்லீன்னுட்டாருல்ல?"

"பெரியவரே, உங்க பணந்தான் கெடச்சிருச்சில்லீங்க. நீங்க போங்க. இவன நாங்க பாத்துக்கறோம்."

மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை கட்டையும் வந்தது. தோள்பட்டையில் விழுந்தது, எலும்பு நகர்ந்ததை உணர்ந்தேன். அதற்குப் பிறகு ஒரு கனம் என் மேல் விழுந்தது. மாட்டு வாசம். பெரியவர் என் மேல் குப்புறப் படுத்துவிட்டார். "அடிங்க! என்னையும் சேத்தி அடிங்க!" அவருக்கும் மூன்று நான்கு விழுந்தது. வெள்ளை வேட்டி கட்டிய கிழவரை அடிக்கக் கொஞ்சம் கூச்சம் வந்து கை தளர்ந்தார்கள். இன்றைக்கு வரை அவர் பெயர் எனக்குத் தெரியாது.

இதற்குத் தமிழில் ஒரு பேர் உண்டு. தர்ம அடி. போகிறவர் வருகிறவரெல்லாம் கூலி வாங்காமல் போடுகிற அடி. போன மாதம் சிடியில் படம் பார்க்கும்போது ஒரு திருடனுக்கு அது விழுந்தது. "தர்மம்னா சாரிட்டிதானே, சாரிட்டி அடியா?" என்று நீ கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

4

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அடிபட்டோர் பிரிவில் நர்சு டியூட்டி உங்கள் அம்மாவுக்கு.

கூட வந்த போலீஸ்காரர், "திருடனுங்க சிஸ்டர், பப்ளிக் குடுத்திருக்காங்க" என்றாராம். என் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கண் மூடியிருந்தது. அவள் பதிவுத் தாளில் தன் கையால், அடையாளம் தெரியாத ஆண் என்று எழுதினாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து என் சட்டையை வெட்டினாள். அன்று காலையில் அவசரத்தில் வெள்ளை நூல் கிடைக்காமல் என் சட்டைப் பொத்தானைச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்திருந்தாள். அந்தப் பொத்தானில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

(ஸ்டெல்லா, நீ நிறுத்துகிற இடம் இதுதான் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் குடித்துவிட்டு வாசி.)

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். தாளில் எழுதியதை அடித்தாள். பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அதற்கு மேலே என் பெயரை எழுதினாள். பிறகு ரத்தத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

5

மறுநாள் அறக்கட்டளை மேனேஜர் போலீசுக்குப் போய், "அது எங்க வசூல் பணமுங்க, அவரு எங்க தொண்டருங்க" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டார். என்னைத் திருடன் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். நான் ஒரே ராத்திரியில் திருடனிலிருந்து தொண்டனாகிவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த நாள் மேனேஜர் வார்டுக்கு வந்தார், ஒரு போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு. பின்னால் முதலாளி, கையில் ஒரு பை மாதுளம்பழம்.

"என்னப்பா, கொஞ்சம் சூதானமா வந்திருக்கலாமில்ல?" என்றார் முதலாளி.

எனக்குத் தாடை அசையவில்லை. 

"ஒண்ணுங் கவலப்படாத. ஆஸ்பத்திரிச் செலவ ட்ரஸ்ட்டுல குடுத்துருவாங்க. நான் அவங்களுக்கு ஒரு செக் குடுத்துக்கறேன்."

"அதுக்கும் ரசீது உண்டுங்க," என்றார் மேனேஜர். தமாசுக்கு இல்லை. நிஜமாகவே சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து, "சிஸ்டர், எங்க ட்ரஸ்ட்டு நன்கொடைப் புஸ்தகத்துக்கு ஒரு போட்டோ வேணுமுங்க. அந்தக் கண்ணுக் கட்டக் கொஞ்சம் அவுத்து உட்டீங்கன்னா நல்லாருக்கும். பாக்கறவங்களுக்கு மனசு எளகுமுங்க. ஏழைக்கு உதவுங்க, வரிச் சலுகை உண்டுன்னு கீழ போட்டுக்கலாம்."

அவருக்கு அவள் என் பெண்டாட்டி என்று தெரியாது.

"ஏனுங்க, டியூப்புல கால வச்சிராதீங்க, செத்த இப்படி வந்து நில்லுங்க," என்றாள் அம்மா. அவரும் மரியாதையாக வந்து நின்றார். மருந்து வைக்கிற ஸ்டீல் தட்டால் ஓங்கி முகத்தில் ஒன்று. மேனேஜரின் மூக்குக் கண்ணாடி உடைந்து மூக்கில் இறங்கியது. போட்டோக்காரர் பின்வாங்கினார், கேமரா கீழே விழுந்தது, அதையும் ஒரு மிதி. முதலாளி பழப் பையை முகத்துக்கு நேரே பிடித்தார். பையோடு சேர்த்து விழுந்தது. மாதுளை சிதறிச் சுவரெல்லாம் சிவப்பு, யார் ரத்தம் எது பழம் என்று தெரியவில்லை. மூன்று ஆண்பிள்ளைகளும் வார்டுக் கதவு வரை ஓடினார்கள். இவள் தட்டோடு பின்னாலேயே போய்க் கேட்டாள்:

"இதுக்கு ரசீது வேணுமுங்களா?"

பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடந்தவர் கைதட்டினார்.

அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். முதலாளி ஊருக்குள் வேறு எங்கும் எனக்கு வேலை கிடைக்காமல் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நர்சு எடுக்கிறார்கள் என்று அவள் பரீட்சை எழுதினாள். அம்மாவுக்கு வேலை கிடைத்ததால் இங்கிலாந்தில் இந்த லெஸ்டர் ஊருக்கு வந்தோம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறோம். பொய் இல்லை. முன்கதையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

6

இங்கே நான் குடோனில் அட்டைப் பெட்டி பிரிக்கிறேன். சில பெட்டிகளைத் திறந்தால் திருப்பூர்ப் பனியன் வாசம் குப்பென்று வரும். அன்றைக்கு மட்டும் சாப்பாடு இறங்காது.

கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. உன் ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்தால் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். வாணவேடிக்கைக்கு வரமாட்டேன். நீ கவனித்திருக்கிறாய். கஞ்சத்தனம் என்று நினைத்தாய், பிறகு கோழைத்தனம் என்று நினைத்தாய். இரண்டாவது சரிதான்.

நேற்று வேலை முடிந்து, நம் தெருமுனையில் பழைய துணி விற்கிற தர்மக் கடைக்குப் போனேன். அங்கேயும் அதே கட்டம் போட்ட தாள் உண்டு. கல்லாவில் இருந்த கிழவியிடம் எனக்கு வந்த இங்கிலீஷில் கேட்டேன்: நான் டிக் போட்டால் எனக்கு என்ன ரிட்டன் வரும்? நான் கேட்டதை அந்த அம்மா தப்பாகப் புரிந்துகொண்டார். சுவரில் இருந்த போர்டைக் காட்டி, "நோ ரிட்டன்ஸ், லவ்" என்றார். கொடுத்த துணியும் வாங்கின துணியும் திரும்பாது கண்ணு என்று அர்த்தம். நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் கடைசியில் உட்காரவைத்துச் சொன்னார். என் சம்பளத்தில் பிடித்த வரியிலிருந்து ஒரு பங்கை அரசாங்கம் நேராகத் தர்மத்துக்கே கொடுத்துவிடும். என் கைக்கு ஒன்றும் வராது.

"ஒண்ணுமே வராதா?" என்றேன்.

"ஒண்ணுமே வராது," என்றார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா பயந்துபோய் டீ வேண்டுமா என்றார்.

இந்த ஊரில் மேனேஜர்களே இல்லை என்று நான் நினைக்கவில்லை. இருப்பார்கள். ஆனால் நீ கொண்டுவந்த தாளில் அவர்கள் இல்லை. கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். அழுத்திப் போட்டதில் அடுத்த தாளிலும் பதிந்துவிட்டது, அதற்குத் திட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை நானும் நடக்கிறேன். கூட்டத்தில் யாராவது பின்னாலிருந்து ஓடிவந்தால் நான் தலையைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாலும் உட்கார்ந்துவிடுவேன். உன் சிநேகிதிகள் பார்த்தால் பார்க்கட்டும். நீ என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடாதே. என் இடது பக்கமாகவே நட. அந்தப் பக்கம் யார் வந்தாலும் எனக்குக் கேட்காது.